தத்தெடுப்புச் செயலியில் அசைவு எவ்வளவு வேண்டும்?

கோலாலம்பூரில் செயலி வடிவமைப்பு என் தொழில். வார இறுதிகளில் ஒரு விலங்குக் காப்பகத்துக்காகத் தத்தெடுப்புச் செயலி செய்து வருகிறோம். பார்ப்பவர் மனம் பதறாமல், நிதானமாக ஒரு பிராணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். திரையின் அசைவு (அனிமேஷன்) உட்பட அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, கேட்டவரின் இடத்தைக் குறித்துப் பதில் சொல்கிறேன்.

செந்தூல்: அக்கா, படத்தை வலப்பக்கம் தள்ளினால் வேண்டும், இடப்பக்கம் தள்ளினால் வேண்டாம் என்று வைத்தால் எல்லாருக்கும் பழகினதுதானே?

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன் தம்பி. இடப்பக்கம் தள்ளினால் படம் சுழன்று திரைக்கு வெளியே பறக்கும். காப்பகத்தில் பல வருஷமாகக் கூண்டு கழுவும் அம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பிடிக்கலைன்னா இப்படித்தான் தூக்கி வீசுவாங்களா?" என்று கேட்டார். அன்றைக்கே எடுத்துவிட்டேன். நாய் 10, 15 வருஷம் நம்மோடு வாழப் போகிற உயிர். தள்ளித் தள்ளிப் பழகிய விரலுக்கு அந்த நினைப்பு வராது.

இப்போது இருப்பது மேலிருந்து கீழே போகும் சாதாரணப் பட்டியல். படத்தைத் தொட்டால் அதே படம் இருந்த இடத்திலிருந்து விரிந்து பக்கத்தை நிறைக்கும். திரும்பினால் பழைய இடத்திலேயே போய் உட்காரும். எந்த நாயைத் தொட்டோம் என்ற குழப்பமே வராது. நாங்கள் செயலி கட்டும் கருவியான ஃபிளட்டரில் 'ஹீரோ' என்ற ஆயத்தத் துண்டு (விட்ஜெட்) இதற்கென்றே இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ், கல்லூரி மாணவி: ஓர் அசைவு எத்தனை மில்லிவினாடி இருக்கலாம்?

200 முதல் 300 வரை. 100க்குள் முடிந்தால் சட்டென்று மாறியதாகவே தோன்றும். அரை வினாடியைத் தாண்டினால் ஆளைக் காக்க வைக்கிறோம். வேகமாகத் தொடங்கி மெதுவாக நிற்கட்டும், கடைசியில் துள்ள வேண்டாம்.

படம் விரிவதைத் தவிர மற்றதற்கெல்லாம் இடம் நகர்வதும் மங்கித் தெளிவதும் போதும். உயரத்தையும் அகலத்தையும் அசைத்தால் பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக அடுக்கப்படும். வினாடிக்கு 60 சட்டம் (ஃபிரேம்) ஓடும் திரையில் ஒரு சட்டத்துக்குக் கிடைப்பது 16 மில்லிவினாடி சொச்சம்தான். விலை குறைந்த ஆண்ட்ராய்டில் அது திக்கும். எங்கள் தன்னார்வலர்கள் பலர் கையில் அந்த போன்தான் இருக்கிறது.

பட்டர்வொர்த்: நாயின் பெயர் தமிழில் எழுத்தெழுத்தாகத் தோன்றும்படி செய்தேன். எழுத்தெல்லாம் உடைகிறது.

உடையத்தான் செய்யும். எங்களிடம் 'கொழுக்கட்டை' என்று ஒரு குட்டி உண்டு. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி. ஒவ்வொன்றாகக் காட்டினால் முதலில் 'க' வரும், அதன் முன்னால் கொம்பும் பின்னால் காலும் திடீரென்று முளைக்கும். அடுத்து 'ழ', அது 'ழு' ஆகும். புள்ளி எப்போதும் ஒரு படி தாமதமாக வரும். ஒவ்வொரு குறியையும் தனிப் பெட்டியில் போட்டால் இன்னும் மோசம், குறிக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் எட்டிப் பார்க்கும்.

ஃபிளட்டரின் 'கேரக்டர்ஸ்' தொகுப்பு முழு எழுத்தாகப் பிரித்துத் தரும், ஆனால் 'ஸ்ரீ' அதிலும் இரண்டாகும். பெயரை முழுதாக வைத்து மெல்லத் தெளிய விடுங்கள். அப்படியே வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டுங்கள், கொம்பும் கொக்கியும் மூச்சு விடட்டும்.

பெட்டாலிங் ஜெயா: திரை அசைந்தால் என் அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது.

ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் அசைவைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. அம்மா போனில் போட்டுவிடுங்கள். செயலி செய்பவர்கள் அந்த அமைப்பைப் படித்து மதிக்க வேண்டும். நகர்வை நிறுத்தி, மங்கித் தெளிவதை மட்டும் வையுங்கள். தானாகத் தொடங்கி 5 வினாடிக்கு மேல் அசையும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் வேண்டும் என்று, எல்லாரும் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை நெறிகளே சொல்கின்றன.

கெப்போங்: நாயும் பூனையும் ஒரே பட்டியலிலா?

முதல் முறை திறக்கும்போதே கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூனை மட்டும் தேடும் முஸ்லிம் குடும்பங்கள் இங்கே நிறைய.

சிரம்பான் சாலை: விண்ணப்பம் அனுப்பியதும் வண்ணத்தாள் பொழியவிடலாமா?

வேண்டாம். விண்ணப்பித்தது தொடக்கம்தான். கொண்டோ (அடுக்குமாடி) நிர்வாகம் நாயை அனுமதிக்கிறதா, வீட்டுக்காரர் சம்மதித்தாரா, எல்லாம் பாக்கி. அதை விண்ணப்பத்தின் முதல் கேள்வியாகவே வையுங்கள். கொண்டாடிவிட்டு மறுநாள் 'முடியாது' என்றால் குழந்தைகள் அழுவார்கள். நாங்கள் காட்டுவது ஒரு கோடு: விண்ணப்பம் வந்தது, நேரில் சந்திப்பு, வீடு பார்த்தல், ஒப்படைப்பு. ஒரு கட்டம் முடிந்தால் கோடு மெதுவாக நீளும், அவ்வளவுதான்.

அம்பாங்: தத்துப்போன நாயின் படம் உடனே மறைந்துவிடுமா?

ஒரு வாரம் இருக்கும். நிறம் மங்காது, கீழே 'வீடு கிடைத்தது' என்ற வரி மட்டும் தெளிந்து வரும். பிறகு தனிப் பக்கத்துக்குப் போய்விடும். கூண்டு கழுவும் அம்மா காலையில் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.