தலாய் லாமாவின் உரையைக் கேட்டவர்கள் ஏன் இவ்வளவு மாறுபட்டுப் பேசுகிறார்கள்?

ஒருவர் கண்கலங்கியதாகச் சொல்கிறார், இன்னொருவர் கொட்டாவி விட்டதாகச் சொல்கிறார். பெரும்பாலும் இருவரும் போனது வெவ்வேறு நிகழ்ச்சிக்கு.

பொது உரை என்றால் ஒன்றிரண்டு மணி நேரம்தான். எளிய ஆங்கிலத்தில் கருணை, மன அமைதி, நடுநடுவே அந்தக் குலுங்கல் சிரிப்பு. ஆழமான தத்துவம் தேடிப் போனவருக்கு ‘இதை எங்க பாட்டியே சொல்வாங்களே’ என்று தோன்றுவதில் வியப்பில்லை.

தர்ம போதனை வேறு. இமாச்சலில் அவர் வாழும் தர்மசாலா ஊரின் கோயிலில், பழங்கால இந்திய பௌத்த அறிஞர்களான நாகார்ஜுனர், சாந்திதேவர் நூல்களைத் திபெத்திய மொழியில் வரிவரியாக விளக்குவார். சில நாட்கள் நீளும். மொழிபெயர்ப்பு எஃப்எம் அலைவரிசையில் வரும். இயர்ஃபோனும் சின்ன ரேடியோவும் இல்லாமல் போனவர் திண்டாட வேண்டியதுதான். பக்கத்தில் ஜெபமாலை உருட்டும் திபெத்திய மூதாட்டிக்கோ தத்துவ விளக்கம் புரியாவிட்டாலும் குறையில்லை. கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் அவதாரமாக அவர் நம்பும் தலாய் லாமாவைத் தரிசிப்பதே பேறு.

எதிர்ப்புக்குக் காரணங்கள் தனி. 2005இல் வாஷிங்டன் நரம்பியல் மாநாட்டில் மதத் தலைவரான அவர் பேசக்கூடாதென்று நூற்றுக்கணக்கான ஆய்வாளர்கள் கையெழுத்திட்டார்கள். சுக்தென் என்ற திபெத்தியக் காவல் தெய்வத்தின் வழிபாட்டை அவர் ஏற்காததால், அதைப் பின்பற்றுவோர் மேலைநாட்டு அரங்குகளின் வாசலில் கோஷமிட்டார்கள். 2018இல் சுவீடனின் மால்மோவில், அகதிகள் கடைசியில் தாய்நாடு திரும்ப வேண்டும், ஐரோப்பா ஐரோப்பியருடையது என்றார். அவரே 1959 முதல் அகதி என்பதால் ரசிகர்களில் பலரே முகம் சுளித்தார்கள்.