வியாழன் பூமியைவிடக் குளிர்ந்ததா, சூடானதா?

எந்த ஆழத்தில் அளக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இக்கேள்விக்கு விடை கூற முடியாது. பூமியின் தரைமட்டச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸ். வியாழனுக்கோ திடமான தரையே இல்லை என்பதால், வளியழுத்தம் நம் கடல்மட்ட அழுத்தத்துக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும் உயரத்தையே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள், அங்கே சுமார் −108 டிகிரி. சூரியனிலிருந்து நம்மைவிட ஐந்து மடங்குக்கும் அதிகத் தொலைவில் இருப்பதால், ஒரே பரப்பளவில் நமக்குக் கிடைக்கும் ஒளியில் 27இல் ஒரு பங்குதான் அதற்குக் கிட்டுகிறது.

ஆனால் உள்ளே இறங்க இறங்க நிலைமை தலைகீழாகிறது. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கருவி மேகங்களுக்குள் பாய்ந்து, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே 150 டிகிரி வெப்பத்தைச் சந்தித்து ஓய்ந்தது. இன்னும் வியப்பூட்டுவது என்னவென்றால், உருவானபோது ஈர்ப்பால் சுருங்கிச் சேர்த்த வெப்பம் இன்றும் கசிந்துகொண்டிருப்பதால், சூரியனிடமிருந்து உறிஞ்சுவதைவிடக் கூடுதலான ஆற்றலை வியாழன் வெளிவிடுகிறது.