வேதியியல் படித்த மகள் பன்னாட்டு மேலாண்மைக்குப் போகலாமா?

ஐயா, வணக்கம்.

"மூன்று வருடம் வேதியியல் படிக்க வைத்ததெல்லாம் வீண்தானா?" என்று கேட்டிருந்தீர்கள். மகள் பன்னாட்டு மேலாண்மை படிக்க வெளிநாடு போக ஆசைப்படுவதைவிட இந்தக் கேள்விதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தோன்றுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் தோல், ஷூ தொழில் நடக்கும் ஆம்பூர்க்காரர். ஐரோப்பாவில் விற்கப்படும் ஷூவில், சருமத்தில் படும் தோலில், ஒவ்வாமை உண்டாக்கும் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டிவிட்டால் அதை விற்க முடியாது. 2015 மே மாதத்திலிருந்து அங்கே இதுதான் சட்டம். தோல் பதனிடப் போடுவது குரோமியம்-3 உப்பு. சூடு, வெளிச்சம், சேர்க்கிற எண்ணெய் ஆகியவற்றால் அதில் ஒரு பங்கு 6 ஆக மாறிவிடக்கூடும். சரக்கு திரும்பி வரும் நாளில், ஆய்வக அறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டு, தோல் பதனிடும் ஆலையில் எங்கே பிசகியது என்று விசாரித்து, ஜெர்மனியில் இருக்கும் வாங்குபவருக்கு விளக்கம் எழுத ஓர் ஆள் வேண்டும். வணிகம் மட்டும் படித்தவர் அங்கே திணறுவார். உங்கள் மகள் திணற மாட்டார். அந்த மூன்று வருடம் அவருக்கு முதல், ஐயா. நட்டம் இல்லை.

ஆனால் எல்லாக் கல்லூரிக் கதவும் அவருக்குத் திறக்காது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இளங்கலையிலேயே வணிகவியலும் பொருளியலும் இத்தனை பாடப் புள்ளிகள் (கிரெடிட்) அளவுக்குப் படித்திருக்க வேண்டும் என்று கேட்பார்கள். மதிப்பெண் 90 இருந்தாலும் அந்தப் புள்ளிகள் இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடிதான். தரவரிசையைப் பார்க்கும் முன் இந்த நிபந்தனையைப் படியுங்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல், இயற்கை அறிவியல் படித்தவர்களுக்கென்றே ஒரு மேலாண்மை முதுகலை இருக்கிறது. "ஜெர்மனி என்றால் இலவசம்" என்று நம்பிப் போகாதீர்கள். 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அந்த மியூனிக் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். அதோடு விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணமாக 11,904 யூரோவைத் தனிக்கணக்கில் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம்.

பிரிட்டனில் எந்தப் பட்டம் படித்தவரையும் சேர்க்கும் ஓராண்டுப் படிப்புகள் ஏராளம். சேருவது எளிது என்பதே எனக்குக் கவலை. படித்து முடித்தபின் தங்கி வேலை தேடும் விசாவுக்கு 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதங்கள்தான். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குபவருக்கு அந்தக் காலம் போதாது என்பேன்.

நம் நாட்டிலேயே நல்ல வழி உண்டு. 1963-இல் மத்திய அரசு தொடங்கிய இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனத்தில் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் கேட் (CAT) என்னும் மேலாண்மை நுழைவுத் தேர்வு எழுதி, பன்னாட்டு வணிகத்தில் எம்.பி.ஏ. சேரலாம். பெரும்பாலும் நவம்பர் இறுதியில் தேர்வு நடக்கும்.

என்னைக் கேட்டால், வேதியியல் படிப்பு முடிந்ததும் ஓராண்டு உங்கள் ஊர் ஷூ கம்பெனி ஒன்றின் ஏற்றுமதிப் பிரிவில் அவர் வேலை பார்க்கட்டும். எல்.சி. (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) எப்படி வேலை செய்கிறது, கப்பல் ஆவணத்தில் ஓர் எழுத்து பிழையானால் பணம் எப்படி நின்றுபோகிறது என்பதைக் கையால் கற்கட்டும். மாலையில் ஜெர்மன் மொழி, விடுமுறையில் கேட் பயிற்சி. அதற்குப் பிறகும் இதே ஆசை இருந்தால், தயங்காமல் அனுப்புங்கள்.

அடுத்த முறை அவரையும் அழைத்து வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு மூன்று வருடப் பாடத்திட்டமும் வேண்டும். துணைப்பாடமாகப் படித்த கணிதத்தை எங்கே கணக்கில் சேர்க்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம்.