எம்பாக்ஸ்: எச்.ஐ.வி. இருந்தால் உயிருக்கு ஆபத்தா?

கேள்வி: எட்டு ஆண்டுகளாக எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். நெருங்கிப் பழகிய ஒருவருக்கு எம்பாக்ஸ் (குரங்கம்மை) உறுதியாகியிருக்கிறது. எனக்கும் நான்கு கொப்புளங்கள் வந்துள்ளன. எச்.ஐ.வி. இருப்பதால் பிழைக்க மாட்டேனா?

பதில்: பிழைப்பீர்கள். மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, வைரஸ் லோடு (இரத்தத்தில் எச்.ஐ.வி.யின் அளவு) அடங்கி, சிடி4 என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கையும் நன்றாக இருந்தால் எச்.ஐ.வி. இல்லாதவருக்கு வருவது போலத்தான் உங்களுக்கும் வந்து போகும். இரண்டு முதல் நான்கு வாரம். காய்ச்சலோடு ஏ.ஆர்.டி.யும் எதற்கு என்று நிறுத்திவிடாதீர்கள். அதுதான் உங்கள் கவசம்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வைரஸ் லோடு அடங்கியும் சிடி4 ஏறாமல் நிற்பவர்கள் உண்டு. தாமதமாகச் சிகிச்சை தொடங்கியவர்களிடம் இதைப் பார்க்கலாம். எச்.ஐ.வி.யால் சிடி4 குறைந்திருந்த, எம்பாக்ஸ் வந்த பல நாட்டு நோயாளிகள் 382 பேரை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில் 27 பேர் இறந்திருந்தார்கள். அத்தனை பேருக்கும் சிடி4 200க்குக் கீழே. எனவே 'வைரஸ் தெரியவில்லை' என்ற தாளை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். கடைசி சிடி4 எவ்வளவு, எப்போது எடுத்தது என்று கேளுங்கள். லோடு அடங்கிவிட்டால் சிடி4 பார்ப்பதையே நிறுத்திவிடும் மருத்துவமனைகள் இருக்கின்றன. தோல் பிரிவுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கும் நோயாளியை அலையவிடுகிறார்களே தவிர, ஒருவருக்கொருவர் ஒரு போன் பேசுவதில்லை. இரண்டு நோயையும் இரண்டு இடத்திலும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பரிசோதனையில் ஏமாறாதீர்கள். 'எம்பாக்ஸ் பேக்கேஜ்' என்று இரத்தம் எடுத்துப் பணம் வாங்கும் ஏஜென்ட்டிடம் போகாதீர்கள். இரத்தத்தில் வைரஸ் கொஞ்ச நாள்தான் இருக்கும்; 'இல்லை' என்று வந்தால் அதை நம்ப முடியாது. இரண்டு மூன்று கொப்புளங்களை, ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்வாப் குச்சியால் அழுத்தித் தேய்த்து பி.சி.ஆர். செய்ய வேண்டும். குத்தி உடைக்க வேண்டியதில்லை. சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வருவதுண்டு.

'வெளிநாட்டு மாத்திரை' என்று டெகோவிரிமாட் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை விற்க வருபவரையும் திருப்பி அனுப்புங்கள். காங்கோவில் நடந்த சோதனையில், ஒப்பிட்டுப் பார்க்கத் தந்த மருந்தில்லா மாத்திரையைச் சாப்பிட்டவர்களைவிட டெகோவிரிமாட் சாப்பிட்டவர்களுக்குப் புண் சீக்கிரம் ஆறவில்லை. அரிப்புக்குக் கடைக்காரர் தரும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். கொப்புளம் வந்தபின் தடுப்பூசியால் பயனில்லை.

பொருக்கெல்லாம் உதிர்ந்து புதுத்தோல் மூடும்வரை தனித்திருங்கள். அதன்பின் 12 வாரம் ஆணுறை கட்டாயம். கண் வலி, மூச்சுத்திணறல், விழுங்க முடியாமை, புண் கறுத்துப் பரவுதல், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.