முகடு வரை திறந்த கூரை: உதைப்பை யார் தாங்குவது?

கூடத்தில் தட்டையான உள்கூரை வேண்டாம், முகடு வரை திறந்திருக்கட்டும் என்று நினைக்கிறோம். சுவருக்குச் சுவர் போகும் குறுக்குச் சட்டங்களைப் போடாமல் விட்டுவிட்டால் போதும் என்கிறார் தச்சர். சரியா?

சரியில்லை. முகட்டில் முட்டி நிற்கும் கைமரங்கள், அதாவது கூரையின் சரிவுச் சட்டங்கள், பாரம் ஏறும்போது அடியில் விலகப் பார்க்கும். அந்த உதைப்பை இழுத்துப் பிடிப்பவை குறுக்குச் சட்டங்கள்தான். அவை இல்லையென்றால் சுவரின் தலை வெளியே சாயும், முகடு தொய்யும். சரிவு குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று பலர் நம்புகிறார்கள், நடப்பது நேர்மாறு. அதே அகலம், அதே பாரத்தில் முகட்டின் உயரத்தைப் பாதியாக்கினால் உதைப்பு இரண்டு மடங்காகும்.

அப்படியானால் நீங்கள் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

முகட்டு உத்தரம். கைமரங்களின் மேல்முனைகளை அது தாங்கிக்கொள்வதால் சுவரில் உதைப்பே எழாது. ஆனால் முகட்டுப் பலகை வேறு, முகட்டு உத்தரம் வேறு. பலகை, கைமரங்களை வைத்து ஆணியடிக்க உதவுவது மட்டுமே. உத்தரமோ கூரைப் பாரத்தில் ஏறக்குறைய பாதியைச் சுமந்து தன் இரு முனைகளுக்கும் கொண்டுபோகிறது. வரைபடத்தில் அந்த முனையில் விரலை வைத்து, தூண் வழியாக அஸ்திவாரம் வரை இறங்கிப் பாருங்கள். பாதி வழியில் ஜன்னல் குறுக்கிடும். முக்கோணச் சுவரில் பெரிய கண்ணாடி வைக்கத்தானே எல்லோருக்கும் ஆசை! அங்கே வழக்கமான லிண்டல் போதாது. ஒரே புள்ளியில் இறங்கும் அந்தப் பாரத்துக்கென்றே கணக்கிட்ட பீம் வேண்டும். கூடம் நீளமானால் ஒட்டுமர (மரப் பலகைகளை அடுக்கி ஒட்டிய) உத்தரமோ இரும்பு ஐ-பீமோ தேவைப்படும்.

நடுவில் தூணும் உத்தரமும் இல்லாமல் முடியாதா?

கத்தரி டிரஸ் இருக்கிறது, கத்தரிக்கோல் போல் குறுக்கே பின்னிய சட்டங்களின் கட்டமைப்பு. அதன் அடிச்சட்டங்களும் சரிந்தே செல்வதால் உள்ளே உயரம் கிடைக்கும். பாரம் பக்கச் சுவர்களுக்குப் போய்விடும். உள்சரிவு வெளிச்சரிவில் பெரும்பாலும் பாதிதான் இருக்கும். பாரம் ஏறும்போது டிரஸ் பக்கவாட்டில் சற்று விரியும் என்பதைத் தாங்குமிடத்தின் வடிவமைப்பிலேயே கவனிக்க வேண்டும். பிற்பாடு விளக்குக்காகவோ குழாய்க்காகவோ ஒரு சட்டத்தையும் வெட்டக் கூடாது.

குறுக்குச் சட்டத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்தால்?

செய்யலாம், இலவசமாக அல்ல. முகட்டு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏற்றினால் இழுவிசை ஒன்றரை மடங்காகும். பாதிக்கு ஏற்றினால் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே உள்ள கைமரமும் வளையத் தொடங்கும். சுவர்த் தலை மட்டத்திலேயே மெல்லிய இரும்புக் கம்பிகளைக் கட்டிவிடுவது பல வீடுகளுக்குப் பொருந்தும். கண்ணுக்கு அவ்வளவாக உறுத்தாது.

செங்கல் வளைவுக் கூரை போட ஆசை.

நல்ல ஆசை. தொங்கும் சங்கிலியின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் வளைவு கிடைக்கும் என்று 1675-லேயே ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் குறித்துவைத்தார். செங்கல்லுக்கு அழுத்தம் பிடிக்கும், இழுப்பு ஆகாது. ஆனால் இங்கே உதைப்பு சுவரின் நீளம் முழுவதும் இருக்கும். தடித்த சுவர், முட்டுச்சுவர், அல்லது சுவர்த்தலை பீமுடன் கட்டுக்கம்பி, ஏதாவதொன்று வேண்டும். வளைவு தட்டையானால் உதைப்பு இன்னும் கூடும்.

பரண் இல்லாத கூரையில் ஈரம் தங்குமா?

தங்கும். மரக்கூரையில் வெப்பத்தடுப்புக்கும் மேற்பலகைக்கும் நடுவே இறவாரத்திலிருந்து முகடு வரை சுமார் 50 மி.மீ. காற்றுவழி விடுங்கள். கைமரத்தின் ஆழத்தை முடிவு செய்யும்போதே அந்த இடத்தையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.