பன்யுல்ஸ் சரிவில் கிரெனாஷ் திராட்சை: பழைய கொடிகளைப் பிடுங்கலாமா?

கேள்வி: எங்கள் குடும்பம் புதுச்சேரியிலிருந்து பிரான்சில் குடியேறியது. ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பன்யுல்ஸ்-சுர்-மேர் ஊரில் அரை ஹெக்டேர் கிரெனாஷ் நுவார் தோட்டத்தைச் சென்ற ஆண்டு குத்தகைக்கு எடுத்தேன். கடலைப் பார்த்த செங்குத்தான சரிவு. இருக்கும் 2,500 கொடிகளில் பெரும்பாலானவை 60 வயதைக் கடந்தவை. மொத்தம் 1,500 கிலோ பழம்தான் கிடைத்தது. இவற்றைப் பிடுங்கிப் புதிய கொடிகள் நட்டு, குறுக்கே ஓடும் கல் வாய்க்கால்களை மூடிச் சிறிய டிராக்டருக்கு வழி செய்யலாமா? மேலும், பழத்தை வாங்கும் கூட்டுறவு ஒயின் கிடங்கில் புளிக்கும் சாற்றில் சாராயம் ஊற்றுகிறார்கள்; கண்ணாடிக் குடுவைகளில் ஒயினை வெயிலில் வைத்திருக்கிறார்கள். இது கலப்படம் அல்லவா?

பதில்: முதலில் வாய்க்கால்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இலையுதிர்கால மழைக்கு முன் முடிவெடுக்க வேண்டியது அது ஒன்றுதான். அவற்றை மூடாதீர்கள். உங்கள் நிலத்தில் மண் என்று இருப்பது, பலகை பலகையாக உடையும் சிஸ்ட் பாறைக்கு மேல் படிந்த மெல்லிய அடுக்கு மட்டுமே. மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் அந்தச் சரிவில் கடல்பக்கத்து மழை சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும்போது, நீர் செல்ல வழி இல்லையென்றால் மண் கடலுக்குப் போய்விடும். அகூய் என்று ஊரார் அழைக்கும் இவ்வாய்க்கால்கள் இரு பக்கமிருந்தும் சாய்வாக வந்து நடுவாய்க்காலில் சேர்வதால், மேலிருந்து பார்த்தால் சேவலின் பாதம் பதிந்ததுபோல் இருக்கும். கத்தலான் மொழியில் இந்த அமைப்புக்குப் பெயரே ‘சேவல் கால்’தான். டெம்பிள் வீரத் துறவியர் (இடைக்காலக் கிறித்தவப் போர்த்துறவிகள்) காலத்திலிருந்து வந்தது என்பது ஊர் வழக்கு.

சரிவில் படிப்படியாக மண்ணைத் தாங்கி நிற்கும் கல் சுவர்களில் சரிந்த இடங்களைச் சிமெண்டு பூசி அடைப்பதும் தவறு. சாந்தில்லாத கல்கட்டின் இடுக்குகள் வழியே நீர் கசிந்து வெளியேறும். பூசிவிட்டால் பின்னால் தேங்கும் நீரின் பாரம் சுவரையே தள்ளிவிடும். பெரிய கல்லை அடியில் வைத்து, ஒவ்வொரு கல்லையும் சரிவின் உட்பக்கமாகச் சற்றே சாய்த்து அடுக்கி, பின்புறம் பொடிக்கற்களால் நிரப்புங்கள். டிராக்டருக்குப் பதிலாகக் கோவேறு கழுதை கட்டி உழும் சிலர் அப்பகுதியில் மீண்டும் தலையெடுத்திருக்கிறார்கள்; அவர்களிடம் கூலிக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது விளைச்சல். கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, முழங்கால் உயரத்தில் கிண்ணம்போல் விரிந்து நிற்கும் இக்கொடிகள் கவனிப்பாரற்றுக் கிடப்பவையாகத் தோன்றும். ஆனால் வடமேற்கிலிருந்து வீசும் திரமொந்தான் காற்றில் உயர்ந்த கிளை நிற்காது என்பதால்தான் அப்படிக் கவாத்து செய்கிறார்கள்; அதே வறண்ட காற்று இலைகளை உலர்த்தி அடிச்சாம்பல் நோயை மட்டுப்படுத்துவதையும் மறக்கக் கூடாது. கணக்கையும் பார்ப்போம். பன்யுல்ஸ் என்ற பெயரில் ஒயின் விற்க ஹெக்டேருக்கு 30 ஹெக்டோலிட்டருக்கு (ஒரு ஹெக்டோலிட்டர் என்பது 100 லிட்டர்) மேல் எடுக்கச் சட்டமே இடம் தராது. உங்கள் அரை ஹெக்டேருக்கு அது 15. நூறு லிட்டருக்குச் சுமார் 130 கிலோ பழம் என்று வைத்தால், நீங்கள் ஏற்கெனவே 11 ஹெக்டோலிட்டரைத் தாண்டிவிட்டீர்கள். மிச்சமிருக்கும் மூன்றரைக்காக அறுபது வயது வேரைப் பிடுங்குவது, பாறைப் பிளவுகளுக்குள் ஆழமாக இறங்கிக் கோடையில் கொடியைக் காப்பாற்றும் ஒரே சொத்தை விற்பதற்கு ஒப்பாகும்.

பட்டுப்போன கொடிகளின் இடத்தை மட்டும் நிரப்புங்கள். பக்கத்துக் கொடியின் கிளையை மண்ணில் அமுக்கிப் பதியம் போடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். அப்படி வளர்வது தன் சொந்த வேரில் நிற்கும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி அந்த வேரைத் தின்றுவிடும். அப்பூச்சியையும் வறட்சியையும் தாங்கும் 110 ரிஷ்டர் போன்ற அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டிய கன்றை நட்டு, முதல் இரண்டு மூன்று கோடைகளில் கையால் நீர் ஊற்றுங்கள்.

சாராயம் ஊற்றுவது கலப்படம் அன்று; இவ்வகை ஒயினின் இலக்கணமே அதுதான். தென் பிரான்சின் மோன்பெலியே நகரில் மருத்துவம் கற்பித்த அர்னோ த வில்நவ் 1285-இல் இம்முறையைக் கண்டறிந்தார் என்பது மரபு. சாற்றில் லிட்டருக்குக் குறைந்தது 252 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும்; சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் மானியில் அது ஏறத்தாழ 25. புளிப்பு பாதியில் இருக்கும்போது, சாற்றின் அளவில் 5 முதல் 10 விழுக்காடு வரை, 96 பாகை (96 விழுக்காடு ஆல்கஹால்) தூய சாராயத்தைச் சேர்த்தால் ஈஸ்ட் செயலிழந்துவிடும். எஞ்சிய சர்க்கரை பழத்தின் இனிப்பாகவே தங்கிவிடும். வெளியிலிருந்து சர்க்கரை ஒரு கரண்டிகூடச் சேர்வதில்லை. விளைச்சலைப் பெருக்கினால் அந்த 252 எட்டாது என்பதையும் இங்கே கவனியுங்கள். சற்று முன்னதாகப் பறித்து, சாராயம் சேர்க்காமல் முழுக்கப் புளிக்கவிட்டால், அதே சரிவின் பழம் கொலியூர் என்ற பெயரில் இனிப்பற்ற ஒயினாகும். கூட்டுறவு எதற்காக வாங்குகிறது என்று கேட்டுப் பறிக்கும் நாளைக் குறியுங்கள்.

வெயிலில் நிற்கும் குடுவைகள் நீங்கள் அஞ்சுவதற்கு நேர்மாறானவை. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறித் தாக்க, ஒயின் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து, சிவப்பு மங்கிச் செங்கல் நிறமாகி, உலர்ந்த அத்தி, வாதுமை, காப்பி மணம் பெறுகிறது. கிராண்ட் க்ரூ என்னும் உயர்தரப் பன்யுல்ஸ் வகை மட்டும் குறைந்தது 30 மாதம் மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். அடுத்த முறை பழம் இறக்கப் போகும்போது, புதிதாக நிரப்பிய குடுவையையும் ஓராண்டு வெயில் கண்ட குடுவையையும் அருகருகே வைத்துச் சுவைக்கத் தரும்படி கிடங்குப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.