வாராக்கடன் பிரிவுக்குப் போகலாமா?

கேள்வி: வங்கியொன்றின் பன்னாட்டுப் பிரிவில் பத்து ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். வயது 34. பல நாடுகளின் கடன் வணிகத்தை மேற்பார்க்கும் மூத்த பொறுப்புக்கு வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். இப்போது இரண்டு பணியிடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். ஒன்று, அரசுகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் பல வங்கிகள் சேர்ந்து தரும் புதிய கூட்டுக் கடன்களை ஏற்பாடு செய்யும் குழு. மற்றொன்று, தவணை தவறிய வெளிநாட்டுக் கடன்களை மறுசீரமைக்கும் பிரிவு. இரண்டாவதற்குப் போனால் ஓரங்கட்டிவிடுவார்கள் என்று உடன் பணியாற்றுவோர் எச்சரிக்கிறார்கள். எதுவானாலும் வெளிநாடு செல்ல வேண்டும். கணவரும் வேலையில் இருக்கிறார். மகளுக்கு ஏழு வயது. நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, தயங்காமல் மறுசீரமைப்புப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

புதிய கடன் ஏற்பாடு செய்யும் குழுவில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே கட்டணமும் பாராட்டும் வந்துவிடும். ஆனால் அந்தக் கடனைக் கொடுத்தது சரியா என்பது தெரியவரச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் அதை ஏற்பாடு செய்தவர் பெரும்பாலும் வேறு பதவிக்குச் சென்றிருப்பார். தன் கணிப்பு எங்கே பிழைத்தது என்பதை அறியாமலேயே ஒருவர் உயர்ந்துகொண்டு போக இத்தொழில் இடம் தருகிறது என்பதுதான் எனக்குக் கவலை தரும் செய்தி.

1970-களின் வரலாற்றைப் பாருங்கள். எண்ணெய் விற்ற நாடுகளின் டாலர் வைப்புகளைப் பெற்ற பெரிய வங்கிகள், அவற்றை லத்தீன் அமெரிக்க அரசுகளுக்குக் கூட்டுக் கடன்களாக வழங்கின. அக்கடன்களில் பெரும்பாலானவற்றின் வட்டி, லைபார் விகிதத்தை (லண்டனில் வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் வட்டி விகிதம்) ஒட்டிக் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்பட்டது; ஆகவே வட்டி ஏறினால் வரும் இழப்பு கடன் வாங்கியவருக்குத்தான், நமக்கில்லை என்று வங்கியாளர்கள் நம்பினார்கள். பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கடுமையாக உயர்த்தியதும், கடன் வாங்கிய நாடுகளால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. எண்ணெய் விலையும் சரிந்த நிலையில், 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன்னால் தவணை செலுத்த இயலாது என்று அறிவித்தது. வாடிக்கையாளரின் தலையில் ஏற்றிவிட்டதாக நினைத்த ஆபத்து, திரும்ப வராத கடனாக வங்கியின் ஏட்டுக்கே வந்து சேர்ந்தது.

பன்னாட்டு வங்கியாளரின் தகுதி உண்மையில் சோதிக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். மெக்சிகோவுக்குக் கடன் கொடுத்திருந்த வங்கிகள் 500-க்கும் மேல். அவை கூடுதலாக 500 கோடி டாலர் தர உறுதியளித்தாலன்றித் தன் உதவித் திட்டம் நடைமுறைக்கு வராது என்று பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) அதே ஆண்டு நவம்பரில் கூறிவிட்டது. ஏற்கெனவே சிக்கிய பணத்தின் பின்னால் புதுப் பணத்தை அனுப்பும்படி சிறிய வங்கிகளை ஒவ்வொன்றாக இணங்கவைப்பது எவ்வளவு கடினம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பத்தாண்டில் கடன் கொடுத்த வங்கிகளின் சார்பில் பல நாடுகளுடன் பேசிய வங்கி ஆலோசனைக் குழுக்களை வழிநடத்திய சிட்டி வங்கியின் வில்லியம் ரோட்ஸ், அதற்கு முன்பே லத்தீன் அமெரிக்காவில் நீண்ட காலம் பணியாற்றியவர். 1997-98-இல் தென்கொரியா நெருக்கடியில் சிக்கியபோது, அந்நாட்டு வங்கிகளின் குறுகிய காலக் கடன்களை நீட்டிக்கும் பேச்சுவார்த்தையிலும் வங்கிகளின் தரப்புக்கு அவரே தலைமை தாங்கினார். நெருக்கடிகளைக் கையாண்டதே அவரை முன்வரிசையில் நிறுத்தியது.

மறுசீரமைப்புப் பிரிவில் நீங்கள் ஒப்பந்தங்களைப் பின்னாலிருந்து படிப்பீர்கள். எந்த நாட்டுச் சட்டம் செல்லும், அரசு தன் இறையாண்மைக் காப்பை (வேற்று நாட்டு நீதிமன்றத்தில் தன்மீது வழக்குத் தொடுக்க முடியாத பாதுகாப்பை) விட்டுக்கொடுத்திருக்கிறதா, ஒரு வங்கிக்கு மட்டும் வந்த தொகையை மற்றவற்றோடு பகிர வேண்டுமா என, கையெழுத்திடும் நாளில் யாரும் நின்று படிக்காத ஒப்பந்த விதிகளே அங்கு முழு வழக்கையும் தீர்மானிக்கும். ஒரு நிதியமைச்சக அதிகாரி தன் நாட்டின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு தீர்ந்துகொண்டிருப்பதை எப்படிச் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதையும் அங்கேதான் கற்க முடியும். அந்த நாட்டின் மொழியை ஓரளவேனும் கற்றுக்கொள்ளுங்கள். நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின் புதிய கடன் வழங்கும் பக்கத்துக்கு மாறிவிடுங்கள். அதற்கு மேல் தங்கினால் எல்லாக் கடனும் ஐயத்துக்குரியதாகவே தெரியத் தொடங்கும், அதுவும் ஒரு குறைதான்.

குடும்பத்தைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை. நேர வேறுபாட்டால் இரவில் தொடங்கும் அழைப்புகளும், திடீர்ப் பயணங்களும், சில ஆண்டுகளுக்கொருமுறை நாடு மாறுவதும் இந்தப் பதவிப் பாதையில் தவிர்க்க முடியாதவை. துணைவருக்குத் தனியே பணி அனுமதி தேவைப்படும் நாடுகள் பல. அது கிடைக்காவிட்டால் உங்கள் உயர்வுக்கு அவருடைய வேலை விலையாகிவிடும். ஆகவே ஒப்புக்கொள்ளும் முன்பே கணவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். அவர் எத்தனை ஆண்டுகள் இசைவார் என்பதை அவர் வாயாலேயே கேட்டறியுங்கள். மகளின் கல்வியாண்டின் நடுவே இடமாற்றம் வராதபடியும், மூன்றாம் ஆண்டின் முடிவில் உங்கள் அடுத்த பணி குறித்து மறுபரிசீலனை நடக்கும்படியும் மனிதவளத் துறையிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி போதாது; உங்களுக்கு அதைத் தரும் மேலாளர் அதற்குள் வேறு நாட்டுக்கு மாற்றலாகியிருக்கலாம்.